உழவன் மகன் உருட்டிய சக்கரம்

வாழ்க்கை வரலாறு என்றால் வேந்தர்களையும் புலவர்களையும் விடுதலை வீரர்களையும் பற்றியே எழுதவேண்டும் என்பது நம் மன்ற மலரில் எழுதாத சட்டமாக இருந்து வருகிறது. அந்தச் சட்டத்தை இம்முறை நான் சற்றே தளர்த்திக் கொள்கிறேன். நான் எழுதப் புகுவது ஒரு வணிகரின் வாழ்வு. தமிழர் அல்லர், இந்தியரும் அல்லர். கொரிய நாட்டில் பிறந்து, கொரிய நாட்டிலேயே மறைந்தவர். ஆயினும், சென்னையிலிருந்து மைசூருக்கு வரும் நம்முள் எவரும் அவர் வாழ்வின் விளைவைப் பாராமல் ஊர் வந்து சேர்வதில்லை. திருப்பெரும்புதூருக்கு அருகில், இருங்காட்டுக்கோட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் அந்தப் பெரிய கார்த் தொழிற்சாலை யாருடைய கனவின் கிளை? ஹூண்டாய் நிறுவனத்தைத் தோற்றுவித்த சுங் ஜூ யுங் என்பவருடைய கனவின் கிளை.

நம் பல்கலைக்கழகம் தோன்றியது 1916இல். சுங் பிறந்தது அதற்கு ஓர் ஆண்டு முன்னர், 1915 நவம்பர் 25ஆம் நாள். அவர் மறைந்தது 2001 மார்ச் 21ஆம் நாள். இன்று நம் விடுதியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பின் பிறந்தவர்கள். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் நிறுவனத்தின் பெயரோ நம் தெருக்குழந்தைக்கும் தெரியும். பெயர் மறைந்து பொருள் நிற்கும் இத்தகைய வாழ்வை அறிந்துகொள்வது நன்றன்றோ?

சுங் பிறந்த ஊரின் பெயர் ஆசான். கொரியாவின் கிழக்குக் கரையோரம், இன்றைய வடகொரியாவில் உள்ள சிற்றூர். அப்போது கொரியா முழுவதும் சப்பானியரின் ஆட்சியில் இருந்தது. 1910இல் அவர்கள் அந்நாட்டைத் தம் பேரரசோடு இணைத்துக் கொண்டிருந்தனர். நாம் வெள்ளையர்க்கு அடிமைப்பட்டிருந்த அதே காலத்தில் அவர்கள் சப்பானியர்க்கு அடிமைப்பட்டிருந்தனர். சுங்கின் தந்தை ஏழை உழவர். கல்லைப் பொறுக்கிக் கழனியாக்கி, விடியுமுன் எழுந்து இருட்டியபின் வீடு திரும்பும் உழைப்பாளி. மூத்த மகனாகிய சுங் தம்மைப் போலவே உழவராகி, தம்பி தங்கையரைத் தாங்கவேண்டும் என்பது அவர் எண்ணம். மகனின் எண்ணமோ வேறு. பாட்டனாரிடம் திண்ணைக் கல்வியும், பின்பு தொடக்கப் பள்ளிக் கல்வியும் பெற்ற அச்சிறுவன், ஊர்த் தலைவர் வீட்டுக்கு வரும் செய்தித்தாளைப் படித்துப் படித்து, நகரத்தை நினைத்து ஏங்கினான். தொடக்கப் பள்ளியோடு அவன் படிப்பு முடிந்தது. பின்னாளில் பல்லாயிரம் பட்டதாரிகளுக்கு வேலை கொடுத்தவர் கல்லூரி வாயிலை மாணவராக மிதித்ததில்லை.

வீட்டைவிட்டு நான்கு முறை ஓடினான் சுங். முதல் முறை இருப்புப்பாதை போடும் இடத்தில் கூலியாக மண் சுமந்தான். தந்தை தேடிவந்து அழைத்துப் போனார். இரண்டாம் முறையும் பிடிபட்டான். மூன்றாம் முறை அவன் செய்தது பெரும் பிழை. தந்தை மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு சியோல் நகருக்குச் சென்று, கணக்கு எழுதக் கற்பிக்கும் பள்ளியில் சேர்ந்துவிட்டான். உழவன் வீட்டில் மாடு என்றால் என்ன என்பதை நம் நாட்டார்க்கு விளக்க வேண்டியதில்லை. அந்த முறையும் தந்தை வந்தார். மகன் தலைகுனிந்து ஊர் திரும்பினான். ஆனால் அந்த மாட்டின் கதை அங்கே முடியவில்லை. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் நெஞ்சில் அது தங்கியிருந்தது. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

நான்காம் முறை ஓடியவன் திரும்பவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். ஒரு கல்லூரிக் கட்டடத்துக்குக் கல் சுமந்தான். பாகு காய்ச்சும் ஆலையில் எடுபிடியாக இருந்தான். இறுதியில் சியோலில் ஓர் அரிசிக் கடையில் மிதிவண்டியில் மூட்டை கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிடைத்தது. மிதிவண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டபோது தெரியும் என்றவன், முதல் நாளே மழைச் சேற்றில் வண்டியோடு விழுந்தான். பிறகு இரவெல்லாம் மூட்டையை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பழகினான். கடையைப் பெருக்கினான், கணக்கைத் திருத்தினான், வாடிக்கையாளர் மனத்தைக் கவர்ந்தான். முதலாளிக்கு மகன் இருந்தும், அவன் பொறுப்பற்றவனாய் இருந்தமையால், கடையின் வாடிக்கையை 1938இல் சுங்குக்கே விட்டுக் கொடுத்தார். இருபத்திரண்டு வயதில் அவர் கடைக்காரரானார். அடுத்த ஆண்டிறுதியில் சப்பானிய அரசு அரிசிக்குப் பங்கீட்டு முறை கொண்டுவந்தது. கடையை மூட வேண்டியதாயிற்று.

மனம் தளரவில்லை. 1940இல் கடன் வாங்கிக் கார் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை எடுத்தார். எடுத்த ஒரு மாதத்துக்குள் பட்டறை தீப்பிடித்தது. வாடிக்கையாளரின் கார்களும் சேர்ந்து எரிந்தன. பழைய கடனையே திருப்பவில்லை. அதே மனிதரிடம் மீண்டும் போய் நின்றார். ஈடு கொடுக்க அவரிடம் நாணயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதை நம்பியே மீண்டும் கடன் கிடைத்தது. இங்கேதான் சுங் ஒரு தொழில் நுட்பத்தைக் கண்டார். மற்றப் பட்டறைகள் பழுதைப் பெரிதாகக் காட்டிப் பத்து நாள் வைத்திருக்கும். இவர் மூன்று நாளில் முடித்துக் கொடுத்துக் கூலியைச் சற்று அதிகமாக வாங்கினார். கார் வைத்திருப்பவருக்குக் காசைவிடக் காலமே பெரிது என்பது அவருக்குப் புரிந்தது. கார் செய்யுமுன்பே, கார் வைத்திருப்பவன் மனத்தைப் படித்தவர் அவர். இதை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

1943இல் சப்பானிய அரசு அந்தப் பட்டறையையும் வேறொன்றோடு இணைத்துவிட்டது. 1945இல் கொரியா விடுதலை பெற்றது. 1946இல் மீண்டும் பட்டறை திறந்தார். அதற்கு வைத்த பெயர்தான் ஹூண்டாய். புதிய காலம், இக்காலம் என்பது அச்சொல்லின் பொருள். 1947இல் கட்டடத் தொழிலிலும் இறங்கினார். 1950இல் வடக்கும் தெற்கும் போரில் மோதின. தம்பியுடன் தெற்கே பூசான் நகருக்கு ஓடினார். தம்பிக்கு ஆங்கிலம் தெரியும். அமெரிக்கப் படையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். அந்தத் தொடர்பால் அண்ணனுக்குக் கட்டட வேலைகள் கிடைத்தன. 1952 குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஐசனாவர் வருகையை ஒட்டிப் பூசானில் உள்ள ஐக்கிய நாடுகள் கல்லறைத் தோட்டத்தைப் பசுமையாக்க வேண்டும் என்றனர். பனிக்காலத்தில் புல் ஏது? சுங் வயல்களிலிருந்து வாற்கோதுமை நாற்றைப் பெயர்த்து வந்து நட்டார். தோட்டம் பசேல் என்றது. உழவன் மகனுக்குத்தானே அந்த எண்ணம் தோன்றும்!

வெற்றிகள் மட்டுமே வந்தன என எண்ணவேண்டா. கோரியோங் என்னுமிடத்தில் பாலம் கட்ட ஒப்புக்கொண்டார். விலைவாசி மளமளவென ஏறியது. பேசிய தொகையில் பாலம் கட்டவே முடியாது. விட்டுவிடும்படி பலர் சொல்லியும் கேட்கவில்லை. உடன்பிறந்தார் வீடுகளையும் விற்று, 1955இல் பாலத்தைக் கட்டி முடித்தார். அந்தக் கடன் தீரப் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் சொன்னபடி முடிப்பவர் என்ற பெயர் நிலைத்தது. அடுத்துச் சியோலில் ஆன் ஆற்றுப் பாலத்தைச் சீரமைக்கும் பணி வந்தபோது அந்தப் பெயரே துணை நின்றது.

1967இல் ஹூண்டாய் மோட்டார் நிறுவனம் பிறந்தது. நிருவாகப் பொறுப்பைத் தம்பி சுங் சே யுங்கிடம் கொடுத்தார். 1968இல் உல்சான் நகரில் ஃபோர்டு நிறுவனத்தின் கார்டினா கார்களை உறுப்பு உறுப்பாக வரவழைத்துப் பூட்டி விற்றனர். வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள்? குறை சொன்னார்கள்! இங்கிலாந்தின் நல்ல சாலைக்குச் செய்த கார், கல்லும் பள்ளமுமான கொரியச் சாலையில் அடிக்கடி பழுதாயிற்று. பிறர் வரைந்த காரைப் பூட்டி விற்றாலும் வசவு விற்றவனுக்கே வந்தது. ஃபோர்டோடு கூட்டு முயற்சியாக எந்திரத் தொழிற்சாலை அமைக்கும் பேச்சும் முறிந்தது. அப்போது சுங் குழுவினர் துணிந்த துணிவுதான் இவ்வரலாற்றின் திருப்பம். இனிப் பிறர் காரைப் பூட்டுவதில்லை. நம் காரையே செய்வோம் என முடிவெடுத்தனர்.

பணம் உண்டா? குறைவு. நுட்பம் உண்டா? அதுவும் குறைவு. இல்லாததைக் கேட்டு வாங்க அவர்கள் நாணவில்லை. உருவத்தை இத்தாலியின் சியூசியாரோ வரைந்தார். எந்திரத்துக்கான நுட்பம் சப்பானின் மிட்சுபிசியிடம் பெறப்பட்டது. இங்கிலாந்தின் பெரிய கார் நிறுவனத்தில் உயர் பதவி வகித்த சார்ச் டர்ன்புல் அழைத்து வரப்பட்டார். இப்படி உருவான போனி என்னும் சிறிய கார், 1974இல் இத்தாலியில் தூரின் கண்காட்சியில் காட்டப்பட்டு, 1976 முதல் கொரியச் சாலைகளில் ஓடியது. அதே ஆண்டில் தென்னமெரிக்காவின் ஈக்குவடாருக்கும் ஏற்றுமதியாயிற்று. ஆனால் எந்திரம் மட்டும் இன்னும் இரவல். தாமே வடிவமைத்த ஆல்பா எந்திரத்தை அவர்கள் உருவாக்கியது 1991இல். நிறுவனம் தோன்றி 24 ஆண்டுகளுக்குப் பிறகு! இந்த எண்ணை நான் பலமுறை எண்ணிப் பார்ப்பதுண்டு. உருவம் சொந்தமாக ஒன்பது ஆண்டு. உயிர் சொந்தமாக இருபத்துநான்கு ஆண்டு.

இதற்கிடையே சுங் செய்தவை பல. சியோலையும் பூசானையும் இணைக்கும் 428 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஒரு பெரும்பங்கு அவர் நிறுவனம் போட்டது. 1970இல் அது திறக்கப்பட்டது. 1972இல் உல்சான் கடற்கரையில் கப்பல் கட்டும் துறை தொடங்கினார். கடன் கேட்டு இங்கிலாந்து சென்றவரிடம், கொரியர்க்குக் கப்பல் கட்டத் தெரியுமா என்ற ஐயம் எழுந்தபோது, சட்டைப்பையிலிருந்து 500 வான் பணத்தாளை எடுத்துக் காட்டினார் என்பர். அதில் 16ஆம் நூற்றாண்டுக் கொரியரின் ஆமைக் கப்பல் படம் அச்சிடப்பட்டிருந்தது. துறையும் கப்பலும் ஒரே காலத்தில் எழுந்தன. 1974இல் பெருங்கப்பல் கடலில் மிதந்தது. 1977இல் தம் செல்வத்தில் ஒரு பகுதியைக் கொண்டு ஓர் அறக்கட்டளை நிறுவி, மருத்துவ வசதியற்ற ஊர்களில் மருத்துவமனைகள் கட்டினார். அதற்கு வைத்த பெயர் ஆசான், தாம் ஓடிவந்த சிற்றூரின் பெயர்!

புகழை மட்டுமே பாடினால் அது வரலாறு ஆகாது, பரணி ஆகிவிடும். அந்த நெடுஞ்சாலை இரண்டரை ஆண்டில் முடிந்தது என்று வியக்கிறோம். அதற்காக உயிர்நீத்த தொழிலாளர் 77 பேர். வேகத்தின் விலையை அவர்கள் கொடுத்தார்கள். சுங் தொழிற்சங்கங்களை விரும்பாதவர். 1987இல் உல்சான் தொழிலாளர் பல்லாயிரவர் தெருவில் இறங்கிப் போராடித்தான் சங்க உரிமையைப் பெற்றனர். 1992இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று மூன்றாம் இடம் பெற்றார். தேர்தலுக்கு நிறுவனப் பணத்தைத் திருப்பிவிட்டதாக 1993இல் தண்டனை விதிக்கப்பட்டது. முதுமை கருதிச் சிறை செல்லவில்லை. கடைசிக் காலத்தில் மக்கள் தங்களுக்குள் தலைமைக்குப் போரிட்டதையும் கண்ணால் கண்டார். பாலத்தை விற்காத நாணயமும், தொழிலாளியின் சங்கத்தை ஏற்காத கடுமையும் ஒரே நெஞ்சில்தான் இருந்தன. இரண்டையும் சொல்வதே அவருக்கு நாம் செய்யும் நேர்மை.

இனி, காரை வாங்கியவர்கள் அளித்த தீர்ப்புக்கு வருவோம். 1986இல் எக்செல் என்னும் கார் அமெரிக்காவுக்குச் சென்றது. விலை 4,995 டாலர். முதல் ஆண்டிலேயே 1,68,882 கார்கள் விற்றன. உலகமே வியந்தது. வியப்பு நீடித்ததா? இல்லை. ஓரிரு ஆண்டுகளில் குறைகள் வெளிப்பட்டன. வாங்கியவர்கள் நொந்தனர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஹூண்டாய் என்றாலே நகைச்சுவை என்றாயிற்று. விற்பனை சரிந்தது. மலிவு ஒருமுறை வாங்க வைக்கும். தரமே மறுமுறை வாங்க வைக்கும் என்ற பாடத்தை அந்நிறுவனம் வலியோடு கற்றது. மூன்று நாளில் பழுது நீக்கிப் பெயர் பெற்றவரின் நிறுவனம், வாங்கியவன் மனத்தை மறந்ததன் பயன் அது.

1998இல் அமெரிக்காவில் எந்திரத்துக்கும் பல்லிணைப் பெட்டிக்கும் 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வரை பொறுப்பேற்பதாக ஹூண்டாய் அறிவித்தது. பழுதானால் செலவு நிறுவனத்துடையது. ஆதலால் பழுதாகாத காரைச் செய்யவேண்டிய கட்டாயம் தொழிற்சாலைக்கு வந்தது. சுங்கின் மகன் மோங் கூ தலைமையேற்றுத் தரத்தையே முதற்பணியாக்கினார். அமெரிக்காவில் சே. டி. பவர் என்னும் நிறுவனம் ஆண்டுதோறும், புதிய கார் வாங்கியவர்கள் முதல் 90 நாளில் கண்ட குறைகளைக் கேட்டு, 100 காருக்கு எத்தனை குறை என்று கணக்கிடுகிறது. 2006ஆம் ஆண்டுக் கணக்கில் ஹூண்டாய்க்கு 102 குறைகள். அதற்கு முன்னால் நின்றவை போர்சே, லெக்சஸ் என்ற இரண்டு விலையுயர்ந்த பெயர்கள் மட்டுமே. நகைத்தவர்கள் வாயடைத்தனர். ஆனால் 90 நாள் தீர்ப்பு வேறு, பத்தாண்டுத் தீர்ப்பு வேறு. 2015இல் எந்திரக் குறைக்காக அமெரிக்காவில் சுமார் 4,70,000 கார்களை அந்நிறுவனம் திருப்பி அழைக்க நேர்ந்தது. வாங்கியவர்களின் மன்றத்தில் இறுதித் தீர்ப்பு என்பதே இல்லை. வழக்கு நாள்தோறும் நடக்கிறது.

நம் நாட்டுக் கதை 1996இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மே மாதம் ஹூண்டாயின் இந்திய நிறுவனம் பதிவாயிற்று. 1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. சுங்குக்கு அப்போது எண்பத்திரண்டு வயது; இதை அவர் அருகிருந்து நடத்தவில்லை. ஆயினும் அவர் கற்ற பாடம் அங்கே தெரிந்தது. கொரியாவில் ஆட்டோஸ் என்ற பெயரில் விற்ற காரை நம் சாலைக்கும் நம் வெயிலுக்கும் ஏற்ப மாற்றியே இங்கே இறக்கினர். உயரமான அதன் உருவத்தைக் கண்டு முதலில் சிலர் சிரித்தனர். சில ஆண்டுகளிலேயே மாருதிக்கு அடுத்த இடத்தை அந்நிறுவனம் பிடித்தது.

இக்கட்டுரைக்காக மைசூரில் பழைய சான்ட்ரோ வைத்திருக்கும் சிலரிடம் பேசினேன். சான்ட்ரோ உற்பத்தி 2014இல் நின்று, 2018இல் புது வடிவில் மீண்டு, 2022இல் மீண்டும் நின்றுவிட்டது. ஆயினும் குவெம்பு நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வண்டியை விட மனமில்லாமல் இருக்கிறார். வேட்டி கட்டியவரும் முழங்கால் வலியுள்ளவரும் குனியாமல் ஏறலாம் என்பதே அவர் கண்ட முதல் சிறப்பு. வாடகைக் கார் ஓட்டும் அன்பர் ஒருவர் உறுப்புகள் எளிதில் கிடைப்பதையும், விற்கும்போது விலை தேறுவதையும் சொன்னார். எவரும் குதிரைத் திறனைப் பற்றிப் பேசவில்லை. நாள்தோறும் வாழ்வில் உதவியதா என்பதே அவர்கள் அளவுகோல்.

அதே 1996ஆம் ஆண்டில் நம் மைசூரில் நடந்ததையும் எண்ணுங்கள். யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை அந்த ஆண்டுதான் மூடப்பட்டது. 1961 முதல் செக்கோசுலோவாக்கிய உரிமத்தோடு ஜாவா மோட்டார் சைக்கிள்களையும், 1973 முதல் எஸ்டி என்ற சொந்தப் பெயரிலும் அது செய்து வந்தது. அதை வைத்திருந்தவர்கள் இன்றும் அதைக் கொண்டாடுகின்றனர். சூலைத் திங்களில் ஊர்வலமாக ஓட்டி விழா எடுக்கின்றனர். வாங்கியவர்களின் அன்புக்கு அங்கே குறைவில்லை. ஆனால் இரவல் நுட்பத்தை வேகமாக வளர்த்துப் புதுப்பிக்க முடியாத தொழில் நின்றுவிட்டது. கொரியாவில் இரவலாகத் தொடங்கிய தொழிலோ எந்திரத்தைச் சொந்தமாக்கியபின் நம் ஊர் தேடி வந்தது. வாங்கியவர் அன்பு வேண்டும். அதனோடு இடைவிடாத கல்வியும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் சக்கரம் நின்றுவிடும்.

இப்போது மாட்டின் கதை. 1998 சூன் 16ஆம் நாள், 500 மாடுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, துப்பாக்கிகள் காவல் நிற்கும் பன்முன்சோம் எல்லை வழியாக வடகொரியாவுக்குள் நுழைந்தார் முதியவர் சுங். அக்டோபரில் மேலும் 501 மாடுகள். ஆக 1,001. அந்நாட்டில் அப்போது கொடிய பஞ்சம். எடுத்தது ஒரு மாட்டின் விலை. அதற்கு வட்டியோடு ஆயிரம் மாடுகள் என்றே அவர் கருதினார். கடனைத் திருப்பித் தரத் தந்தை உயிரோடு இல்லை, ஊர் இருந்தது. ஊருக்குத் திருப்பினார்.

நண்பர்களே! நம்முள் பொறியியலும் அறிவியலும் வணிகமும் பயில்வோர் பலர். படிப்பு முடிந்ததும் திருப்பெரும்புதூரிலோ ஒரகடத்திலோ வேலை கிடைத்தால் மகிழ்கிறோம். மகிழ்ச்சிதான். ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் நாம் இன்று செய்வது, 1968இல் உல்சானில் அவர்கள் செய்ததைவிட எவ்வளவு தொலைவு முன்னே உள்ளது? நம் கையால் பூட்டும் காரில் நம் கை வரைந்த கோடு எத்தனை? அவர்களுக்கு எந்திரம் சொந்தமாக 24 ஆண்டு ஆயிற்று. நம் மண்ணில் சான்ட்ரோ பிறந்து 24 ஆண்டுகள் கடந்துவிட்டன. இக்கேள்வியைத் தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஓர் உழவன் மகன் தனக்குள் கேட்டுக்கொண்டான். பல்கலைக்கழகத்தில் அமர்ந்திருக்கும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டாமா?